டிஃபரன்ஷியலும் ஜெபராஜின் வயிறும்

பச்சை விழுந்ததும் வலது பக்கம் திரும்பினேன். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம்தான் மிதித்தேன். இதை எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன்.

முன்னால் எட்டு சிலிண்டர் இன்ஜின் உறுமியது. பின்னால் கிறீச்சென்று ஒரு அலறல். கார் மட்டும் நகரவில்லை. வலது கண்ணாடியில் வெள்ளைப் புகை தெரிந்தது, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. காலை எடுக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் டயர் எங்கோ பிடித்துக்கொண்டது. காரின் பின்பக்கம் இடப்புறமாக வீசி அடிக்க, நாங்கள் சாலைக்குக் குறுக்கே போய் நின்றோம்.

பிராங்பேர்ட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எதிரே தமிழ்க் கடை. கறிவேப்பிலைக் கட்டும் கையுமாக நாலைந்து பேர் வெளியே வந்து பார்த்தார்கள். பின்னால் நின்ற பஸ்ஸின் ஓட்டுநர், இது இப்போதைக்கு ஆகாது என்று முடிவு செய்து, ரொட்டியை எடுத்துக் கடிக்கத் தொடங்கினார்.

கடை வாசலில் நின்றவர்களில் ஒருவர் மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். நீல நிற வேலை உடுப்பு, கையில் பாதி தின்ற மீன் ரோல். நேராகச் சாலைக்கு வந்து குனிந்தார். தார் ரோட்டில் பதிந்திருந்த கருப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்து வந்து, என் கணவர் ஜெபராஜ் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, உங்கடை காருக்கு ஒரு சில்லுதான் சுத்துது. மற்றது சும்மா நிக்குது."

சக்கரத்தைத்தான் சில்லு என்றார். ஜெபராஜின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கார் என்னோடது இல்லைங்க. அவளோடது" என்றார்.

சொல்லிவிட்டு, மடியிலிருந்த முருங்கைக்காய்ப் பையைத் திறந்து அதற்குள் வாந்தி எடுத்தார்.

யார் கார்?

இந்தக் காரை நான் வாங்கிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். அந்த வாரம் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. நான் தூத்துக்குடிக்காரி. இங்கே ஒரு வங்கியில் மென்பொருளைச் சோதித்துத் தவறு கண்டுபிடிப்பது என் வேலை. நாற்பது தாண்டிய பிறகு, என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு அமெரிக்க மசில் காரை வாங்கினேன். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், படகு நீளம். பெட்ரோல் நிலையத்தில் அதை நிறுத்தினால் யாராவது ஒரு பெரியவர் வந்து "அழகான கார்" என்பார். அடுத்து, "உங்கள் கணவருடையதா?" என்பார்.

என் கணவருக்கு கியர் வண்டி ஓட்டும் உரிமமே இல்லை. ஆட்டோமேட்டிக் மட்டும். அவர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்பவர். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுக்கு அஞ்சமாட்டார். கண்ணுக்குத் தெரியும் வளைவுகளுக்கு அஞ்சுவார். அவருக்குப் பிடித்தது ஏழு காற்றுப்பை வைத்த ஒரு மின்சாரக் கார். அதன் படம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பேரப்பிள்ளை படம் இருக்கும்.

அன்று சாயங்காலம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜெபராஜ் பேச்சைத் தொடங்கினார்.

"ஸ்டெல்லா, நான் இதுவரைக்கும் உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

"போன வாரம் இஞ்சித் துவையல் கேட்டீங்க."

"சீரியஸா பேசறேன். இந்தக் காரை நீ சரி பண்ணு. கோடை முடியறதுக்குள்ள. ஒரே ஒரு தடவை நான் உட்காருவேன், நீ இஷ்டம்போல வளைச்சு ஓட்டு. வாந்தி வரலேன்னா கார் இருக்கட்டும். வந்துச்சுன்னா வித்துரணும்."

நான் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். நியாயமான மனிதர். முருங்கைக்காயைக்கூடக் கழுவி வைத்திருந்தார்.

"சரி" என்றேன்.

உழைக்காதவனுக்கு அள்ளிக் கொடுக்கும் பெட்டி

டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அத்தையின் பட்டுச்சேலையில் படித்தேன்.

அப்பா ஒரு உப்பளத்தில் மேலாளர். கம்பெனி ஜீப் ஒன்று உண்டு. ஒரு கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் அத்தை குறுக்கு வழி சொல்ல, அப்பா அதைக் கேட்க, ஜீப் உப்பளச் சேற்றில் இறங்கியது. அத்தை கீழே இறங்கி, பின்னால் நின்று வழி சொல்லத் தொடங்கினார். அப்பா மிதித்தார். ஒரு பின்சக்கரம் சேற்றில் சர்ரென்று சுற்றியது. கெட்டித் தரையில் நின்ற இன்னொரு சக்கரம் அசையவே இல்லை. சேறு முழுவதும் அத்தைமேல். கல்யாண வீட்டில் அத்தையை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வழி விட்டார்கள்.

விஷயம் இதுதான். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்றவேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகச் சுற்றவேண்டும். அதற்கு வசதி செய்து கொடுப்பதுதான் பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ, அதையே சுற்றவிட்டுக் கொண்டிருக்கும். வேகமாக வளையும்போது உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடும் இல்லையா? மிதித்தால் அது வெறுமனே சுற்றிப் புகை கிளப்பும். பாரம் சுமக்கும் வெளிச் சக்கரத்துக்கு வேலையே வராது.

இதைத் தடுக்க லிமிடெட் ஸ்லிப் என்ற வகை உண்டு. இரண்டு சக்கரமும் ஓரளவுக்கு மேல் பிரிந்து ஓடாதபடி பிடித்து வைக்கும். ஜெர்மன்காரர்கள் அதைச் சுருக்கமாக 'ஷ்பெர்ரே' என்பார்கள். பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை வகை என்று தெரிந்த நாளிலிருந்துதான் எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

மூன்று கட்சி

மீன் ரோல்காரரின் பெயர் குகன். யாழ்ப்பாணத்தவர். வாரநாட்களில் பஸ் டிப்போவில் மெக்கானிக். சனிக்கிழமைகளில், மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து நாமே வேலை செய்துகொள்ளும் பட்டறை ஒன்றில், காரைத் தூக்கும் லிஃப்ட்டின் கீழே இருப்பார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் அங்கே போய் நின்றோம்.

குகன் அண்ணை என் கணவரிடம் பேசினார்.

"தம்பி, தட்டு வைச்ச ஷ்பெர்ரே போடுங்கோ. உள்ளுக்கை உராய்வுத் தட்டுகள் இருக்கும், ஸ்பிரிங் அமத்திப் பிடிக்கும். ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது இழுக்கும். தேஞ்சால் கழட்டிப் புதுத் தட்டுப் போடலாம். வேற யோசனை வேண்டாம்."

"அவளைக் கேளுங்க அண்ணா" என்றார் ஜெபராஜ்.

"ஓம், ஓம்" என்று குகன் அண்ணை தலையாட்டினார். பிறகு மறுபடியும் ஜெபராஜிடமே சொன்னார்: "ஆனால் அதுக்கு எண்ணெயிலை ஒரு மருந்து கலக்கோணும். இல்லாட்டித் தட்டுகள் கத்தும்."

அவருடைய நண்பர் ஒருவரின் பழைய காரில் அந்த வகை இருந்தது. சூப்பர் மார்க்கெட்டின் பார்க்கிங்கில் அதை ஓட்டிப் பார்த்தோம். மெதுவாக வட்டம் அடித்தபோது பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், இரும்பு டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல. தள்ளுவண்டியோடு வந்த ஒரு அம்மாள், உங்கள் காரிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று குனிந்து தேடவே ஆரம்பித்துவிட்டார்.

"மருந்து காணாது, இன்னும் விடோணும்" என்றார் குகன் அண்ணை.

ஜெபராஜ் இதற்குள் சொந்தக் கட்சி தொடங்கியிருந்தார். முழுக்கப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் வகை. அவருக்கு அதில் பிடித்தது பெயர் மட்டுமே.

"லாக்னா சேஃப்டிதானே?"

"அது ட்ராக்டருக்கும் நேரா ஓடுற ரேசுக்கும் நல்லது தம்பி. வளைவுக்குள்ளை காலை எடுத்து மறுபடி மிதிச்சால் டொம் எண்டு திறக்கும், டொம் எண்டு பூட்டும். உங்களுக்கு நெஞ்சு தாங்காது."

ஜெபராஜின் கட்சி அத்துடன் கலைந்தது.

நான் சொன்னது மூன்றாவது வகை. தட்டும் கிடையாது, மருந்தும் கிடையாது. சாய்வாகப் பல் வெட்டிய கியர்கள் மட்டும். ஒரு பக்கம் வழுக்க ஆரம்பிக்கும்போதே, மறுபக்கத்துக்கு வேலையைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஈரமான வளைவிலிருந்து வெளியேறும்போது காரின் பின்பக்கம் திடுக்கென்று உதைக்காது. உதைத்தால்தானே வயிறு புரளும்? நான் என் காருக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வயிற்றுக்கும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

குகன் அண்ணை முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அதுக்கு ஒரு குறை இருக்கு. ஒரு சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பிச்செண்டால் அதாலை ஒண்டும் செய்ய ஏலாது. சாதாரண டிஃபரன்ஷியல் மாதிரித்தான் நிக்கும்."

"என் கார்ல சக்கரம் ஏன் அண்ணா தரையை விட்டுக் கிளம்பப் போகுது?"

அவர் மீன் ரோலைக் கடித்தார்.

பழைய கார்களுக்குக் கொடுக்கும் வரலாற்று எண் பலகை என் காருக்கு உண்டு. கண்டதையும் மாற்றினால் பிடுங்கிவிடுவார்கள். முன்கூட்டியே வாகனப் பரிசோதகரிடம் போய்க் கேட்டேன். அந்தக் காலத்திலேயே இந்த மாடலுக்கு லிமிடெட் ஸ்லிப் கொடுத்திருக்கிறார்கள், ஆட்சேபம் இல்லை என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உங்கள் கணவர் எப்போது வருவார்?"

ஞாயிறு பூசையில் ஒரு வாசனை

நான் சொன்ன வகையையே மாட்ட இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. பின் அச்சின் மூடியைத் திறந்ததும் பழைய கியர் எண்ணெய் கரும்பச்சையாக ஒழுகியது. அந்த வாசனையை எப்படிச் சொல்வது? அழுகின முட்டையை மண்ணெண்ணெயில் ஊறவைத்த மாதிரி. தலைமுடியில் ஏறினால் மூன்று முறை ஷாம்பு போட்டாலும் இறங்காது. மறுநாள் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போனேன். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், முன் வரிசை அக்கா தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டார்.

வேலையில் குகன் அண்ணை வேறு மனிதர். பேச்சு நின்றுவிடும். கியர் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் மெல்லச் சுழற்றி, பல்லும் பல்லும் எங்கே தொட்டிருக்கின்றன என்று தடத்தைப் பார்ப்பார். தடம் ஓரமாக விழுந்தால் மொத்தத்தையும் கழற்றி, காகிதம் போன்ற மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்த்து, மறுபடி பூட்டுவார். நாலு முறை கழற்றினோம். ஐந்தாவது முறை மஞ்சள் தடம் பல்லின் நடுவில் அழகாக விழுந்தது.

"இஞ்சை பாருங்கோ" என்றார். தன் குழந்தையின் பரீட்சைத் தாளைக் காட்டுகிற முகம்.

ஜெபராஜ் அந்த இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். எடுத்த ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். பழக்கதோஷம்.

முதல் ஓட்டம்

சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்தது கைவிடப்பட்ட ஒரு சிறிய விமான ஓடுதளம். கோடைக் கடைசியில், உள்ளூர்க் கார் கிளப் ஒன்று அங்கே சிவப்புக் கூம்புகளை வைத்துப் போட்டி நடத்தும். கூம்புகளுக்கு இடையில் வளைந்து வளைந்து ஓட்டவேண்டும். ஆளுக்கு இரண்டு முறை. முடிந்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் விருந்தாளி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சுற்று ஓட்டலாம். ஜெபராஜுக்கு அந்தச் சுற்று.

அவர் விஞ்ஞானி. சோதனை நேர்மையாக நடக்கவேண்டும் என்றார். மாத்திரை வேண்டாம், பட்டினியும் வேண்டாம். வழக்கம்போல நாலு இட்லி, சாம்பார், காபி. நான் இரண்டு இட்லி போதுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "டேட்டாவை மேனிபுலேட் பண்ணாதே" என்றார்.

கிளப்பின் தலைவரும் போட்டியாளருமான ஃபோக்ட் என்பவர் பெயர்ப் பட்டியலோடு வந்தார். ஹெல்மெட்டை ஜெபராஜிடம் நீட்டினார். ஜெபராஜ் அதை அப்படியே வாங்கி என்னிடம் கொடுத்தார். ஃபோக்ட் பட்டியலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார்.

கொடி அசைந்தது. கிளம்பினேன். முதல் இடது வளைவு வெண்ணெய். இரண்டாவது வளைவில் கார் கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக வெளியே வந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தேன்.

மூன்றாவது, வலது பக்கம் இறுக்கமான வளைவு. உள்ளே போனேன். மிதித்தேன்.

கிறீச்.

வலது கண்ணாடியில் வெள்ளைப் புகை. இன்ஜின் அலறுகிறது, கார் நகர மறுக்கிறது. அதே சத்தம், அதே நாற்றம். அடுத்த வலது வளைவிலும் அப்படியே. ஒரு கூம்பு சக்கரத்தில் மாட்டிக்கொண்டு என்னோடு கடைசிக் கோடு வரை வந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். எனக்கா, கூம்புக்கா என்று தெரியவில்லை.

நிறுத்திவிட்டு இறங்கினேன். ஓரத்தில் ஜெபராஜ் நின்றார். முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவர் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, ஸ்டெல்லா. வீட்டுக்குப் போயிரலாமா?"

தன் வேனில் எங்களோடு வந்திருந்த குகன் அண்ணை ஏற்கெனவே காரின் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"தங்கச்சி, இஞ்சை வாங்கோ!"

நானும் படுத்தேன். பின் அச்சுக்குக் குறுக்கே, என் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு இரும்புக் கம்பி. பட்டறையிலும் கண்ணில் பட்டதுதான், காரோடு வந்தது என்று நினைத்து விட்டிருந்தோம்.

"உள்சில்லு கிளம்பினதை நான் கண்ணாலை பாத்தனான். இந்தக் கம்பிதான் தூக்குது. கார் சாயக் கூடாதெண்டு ஆரோ போட்டிருக்கினம். வெளிச்சில்லு அமரேக்கை உள்சில்லை இழுத்துக் கிளப்புது. உங்கடை ஷ்பெர்ரே பாவம், அது என்ன செய்யும்?"

எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். கம்பெனியில் வராத அந்தக் கம்பியை அவர்தான் பின்னால் சேர்த்திருக்கவேண்டும்.

"கழட்டிரலாமா அண்ணா? கழட்டினா கார் சாயுமே."

"சாயும். ஆனா ரெண்டு சில்லும் நிலத்திலை நிக்கும். கார் உங்கடை. நீங்கள்தான் சொல்லோணும்."

இரண்டாவது ஓட்டத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. கழற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். கழற்றினால் என்ன நடக்கும் என்று தெரியாது. வங்கியில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு நான் கையெழுத்தே போடமாட்டேன்.

"கழட்டுங்க" என்றேன்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்தோம். நாலு நட்டு. கடைசி நட்டு துருப்பிடித்து நகரவில்லை. ஜெபராஜ் இஸ்திரி குலையாத சட்டையோடு ஊர்ந்து வந்து, என் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினார். தன் மின்சாரக் காருக்கு எதிராக அவரே நட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது.

நாலு இட்லி

இரண்டாவது ஓட்டத்தில் கார் சாய்ந்தது. மணப்பெண் தலை குனிவதுபோல வளைவுக்கு வளைவு சாய்ந்தது. அந்த வலது வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். கிறீச்சும் இல்லை, புகையும் இல்லை. இரண்டு சக்கரங்களும் சேர்ந்து தள்ள, கார் வளைவிலிருந்து பிதுங்கி வெளியே வந்தது. நான் கத்திய சத்தம் இன்ஜினையும் மீறிக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

வென்றேனா? இல்லை. சின்னஞ்சிறு கார் ஒன்றில் வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் எங்கள் எல்லோரையும் தோற்கடித்தார். என் பெயர் பட்டியலின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஆனால் ஃபோக்டின் பெயருக்கு மேலே இருந்தது. அந்த மனிதர் பட்டியலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜெபராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"மெதுவா ஓட்டி என்னை ஏமாத்தக் கூடாது" என்றார்.

ஏமாற்றவில்லை. மொத்தச் சுற்றையும் நான் ஓட்ட முடிந்த வேகத்தில் ஓட்டினேன். அவர் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கோட்டைத் தாண்டி நிறுத்தியதும் கதவைத் திறந்து இறங்கினார். விறுவிறுவென்று வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். குகன் அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

ஜெபராஜ் நிமிர்ந்து திரும்பி வந்தார்.

"ஷூ லேஸ் அவுந்துருச்சு" என்றார்.

"வயிறு?"

வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களின் முகம்.

"ஒரு தடவையை வச்சு எதுவும் சொல்ல முடியாது. இன்னொரு ரவுண்டு போகணும்."

மூன்று ரவுண்டு போனோம்.

மலைப்பாதையில்

திரும்பும்போது டவுனுஸ் மலைவழியாக வந்தோம். சாயங்கால வெயில், காய்ந்த சாலை, ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள். இந்தச் சாலையை மனதில் வைத்துத்தான் அந்தக் காரையே வாங்கினேன். பின்னால் குகன் அண்ணை தன் வேனில் வந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது வளைவில் காரின் வேகத்தைக் குறைத்தேன். நாலாவதில் இன்னும் குறைத்தேன். பின்னால் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார் அண்ணை. பதில் இல்லாததால் ஹாரனும் அடித்தார். நான் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தார். வந்தது என் பக்கத்துக் கண்ணாடிக்கு.

"என்ன தங்கச்சி? ஏதும் சத்தம் கேக்குதோ? டிஃபரன்ஷியல் சுடுதோ?"

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

குனிந்து உள்ளே பார்த்தார். ஜெபராஜ் வாயைத் திறந்தபடி, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, நல்ல தூக்கத்தில் இருந்தார்.

குகன் அண்ணை கிசுகிசுத்தார்: "இந்தக் காரிலையோ?"

"இந்தக் கார்லதான்."

அவர் கால் நுனியில் திரும்பி நடந்தார். பிறகு, கதவு சத்தம் போடாமல் வேனில் ஏறி, எங்களைத் தாண்டி முன்னால் போனார். நான் மறுபடி கிளம்பினேன். ஜெர்மனியிலேயே அழகான வளைவுகள் வரிசையாக வந்தன. எட்டு சிலிண்டரையும் அடக்கிக்கொண்டு, நாற்பதைத் தாண்டாமல் மலை இறங்கினேன். பின்னால் ஒரு டிராக்டர் உட்படப் பதினோரு வண்டிகள்.